காதக்கல் முதல் கமலாபுரம் வரை

சேலத்திலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு? இந்த எளிய வினாவுக்கு ஒரே விடை இல்லை. உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் செல்லும் பேருந்து ஓட்டுநர் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் என்பார். ஜோலார்ப்பேட்டை வழியாகச் செல்லும் இருப்புப்பாதையில் 330 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கமலாபுரத்து விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு வானில் ஒரு நேர்கோடு இழுத்தால் 265 கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் பக்கத்து மக்களிடம் கேட்டால் இந்த மூன்று எண்களில் எதையும் சொல்லமாட்டார்கள். "ராத்திரி ஏறினா விடியக்காலம் போய்ச் சேந்துடலாம்" என்பதே அவர்கள் விடையாக இருக்கும். வினா தூரத்தைப் பற்றியது. விடையோ நேரத்தைப் பற்றியது.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழர் வழித்தூரத்தை அளந்த முறையே இதுதான். அம்முறை கல்லில் பொறிக்கப்பட்டும் கிடைக்கிறது. அக்கற்களில் சில சேலம், தருமபுரி வட்டாரத்திலேயே கிடைத்திருப்பது நமக்கு நேர்ந்த நற்பேறு. காதக்கல் நட்ட காலத்திலிருந்து விமானம் இறங்கும் காலம் வரை, சேலம் நாமக்கல் சமவெளியில் தூரமும் நேரமும் எவ்வாறு அளக்கப்பட்டன, அந்த அளவைகள் யாருக்காக வகுக்கப்பட்டன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நாழிகையும் காதமும்

நம் முன்னோரின் வழி அளவைகளுள் இரண்டு இங்கே முதன்மையானவை. ஒன்று நாழிகை வழி. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவர் நடந்து கடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி. மற்றொன்று காதம். ஏழரை நாழிகை வழி ஒரு காதம் என்பது மரபுக் கணக்கு.

இந்த ஏழரை என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏழரை நாழிகை என்பது 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம். பகல் நான்கு, இரவு நான்கு என நாளை எட்டாகப் பகுத்த ஜாமமும் அதுவே. ஆகவே காதம் என்பது ஒரு ஜாமத்தில் நடந்து சேரும் தூரம். பொழுது விடிந்து புறப்பட்டவர் வெயில் ஏறுவதற்குள் ஒரு காதம் கடப்பார். நிழலில் கட்டுச்சோறு அவிழ்த்து, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் நடந்தால், இருட்டுவதற்குள் இன்னொரு காதம் போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு காதம் என்பது உடம்பு ஒப்புக்கொள்ளும் நடை.

அகராதிகள் காதத்துக்குப் பத்து மைல் என்று பொருள் தருகின்றன. பத்து மைல் என்றால் 16 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் 16 கிலோமீட்டர் நடப்பது கைவீசி விரையும் இளைஞனுக்கு இயலும். பொதிமாட்டோடு செல்லும் வணிகனுக்கோ, குழந்தையை இடுப்பில் வைத்துச் செல்லும் தாய்க்கோ இயலாது. நான்கு கூப்பிடு தூரம் ஒரு காதம் என்ற வாய்பாடும் உண்டு. கோலின் நீளம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியதால், கோலால் அளந்த கூப்பிடும் காதமும் உடன் மாறின. எனவே காதம் எவ்வளவு என்ற வினாவுக்கு ஏட்டில் மட்டும் விடை தேடிப் பயனில்லை. வழியில் நட்ட கல்லையே கேட்க வேண்டும்.

குழிகளால் பேசும் கற்கள்

சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தலைவாசலுக்கு அருகே வசிட்ட நதிக்கரையில் உள்ளது ஆறகழூர். இன்று ஒரு சிற்றூர். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகர். காமநாதீசுவரர் கோயில் அந்தப் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்கிறது. அவ்வூர்ப் பகுதியில் கிடைத்த ஒரு கல், மகதேசன் பெருவழி என்று ஒரு சாலையின் பெயரைச் சொல்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பதினாறு காதம் என்று தூரத்தையும் சொல்கிறது. மகதேசன் என்பது மகதை நாட்டுத் தலைவனைக் குறிக்கும் பெயர். தூரத்தை எழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், கல்லில் குழிகள் குடைந்தும் காட்டியிருக்கிறார்கள்.

இதேபோல் தருமபுரி மாவட்டத்தில் அதியமான் பெருவழிக் கற்கள் கிடைத்துள்ளன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றுள் ஒன்று, நாவற்தாவளம் என்னும் இடத்துக்கு இருபத்தொன்பது காதம் என்கிறது. அங்கும் எழுத்தோடு குழிகள் உண்டு. பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்பது கணக்கு. தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கி இளைப்பாறும் இடம்.

எழுத்து அறிந்தவர் படித்துக்கொள்வார். அறியாதவர் விரலால் தடவி எண்ணிக்கொள்வார். இருட்டிலும் எண்ணலாம். வேற்றுமொழி வணிகனும் எண்ணலாம். பெருவழியில் செல்பவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள் என்பதை அந்தக் கல்லை நடச் செய்தவர் மறக்கவில்லை. மன்னன் பெயரையும் மெய்க்கீர்த்தியையும் சுமக்கும் ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளுக்கு நடுவே, வழிப்போக்கனின் விரலை நினைத்துக் குடையப்பட்ட இந்தக் குழிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆறகழூரிலிருந்து காஞ்சிபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சாலை வழியே வளைந்து சென்றால் 200 கிலோமீட்டரை ஒட்டி வரும். இதைப் பதினாறால் வகுத்தால் ஒரு காதம் 10.6 கிலோமீட்டருக்கும் 12.5 கிலோமீட்டருக்கும் இடைப்பட்டது என்று ஆகிறது. அகராதி சொல்லும் பத்து மைல் இங்கே பொருந்தாது. பொருந்தினால் காஞ்சிபுரம் 256 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஒரு காதம் 12 கிலோமீட்டர் என்று கொண்டால், மூன்று மணி நேரத்துக்கு 12 கிலோமீட்டர், மணிக்கு நான்கு. பொதிமாட்டின் நடைக்கும் மனிதனின் இயல்பான நடைக்கும் இது சரியாகப் பொருந்துகிறது. ஏட்டிலுள்ள ஏழரை நாழிகையும் கல்லிலுள்ள பதினாறு காதமும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன.

அந்தக் கணக்கில், ஆறகழூரிலிருந்து காஞ்சிக்கு நாளொன்றுக்கு இரண்டு காதமாக எட்டு நாள் பயணம். அதியமான் கல் சொல்லும் இருபத்தொன்பது காதம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இன்றைய சேலம் சென்னைச் சாலைத் தூரத்தை ஒத்தது. அது பதினைந்து நாள் வழி. கல்லில் தூரத்தைப் படித்தவன் அதே கணத்தில் நாளையும் தெரிந்துகொண்டான். எத்தனை வேளைக்கு அரிசி, எத்தனை தாவளத்துக்குச் சுங்கம், திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அந்தக் குழிகளுக்குள் அடங்கியிருந்தன.

இன்று சேலத்திலிருந்து சென்னைக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாகச் செல்லும் பேருந்துகள் தலைவாசலைக் கடக்கின்றன. மகதேசனின் தலைநகர் அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் நிற்க, இடையே ஆறு வகுத்த வாயில் வழியாகத்தான் சமவெளியிலிருந்து கீழ்த்திசைக்கு மக்கள் போய்வந்தார்கள். நிலம் வகுத்த வழியை மன்னன் பெருவழியாக்கினான். இன்றைய அரசு அதை நெடுஞ்சாலையாக்கியிருக்கிறது.

சங்கிலியும் முக்கோணமும்

1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, சேலமும் பாரமகாலும் ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரி அவற்றுக்குப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த தாமசு மன்றோ அன்று அவருடைய உதவியாளர்களுள் ஒருவர். அவர்கள் இப்பகுதியின் நிலங்களைச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். நோக்கம் நிலவரி. காதக்கல்லின் அளவு வழிப்போக்கனுக்கு விடையளித்தது. சங்கிலியின் அளவு வரி வாங்குபவனுக்கு விடையளித்தது. அளவையின் வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம்.

அடுத்த பத்தாண்டிலேயே இன்னொரு அளவை தொடங்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அடிக்கோடாக அளந்தார். அந்த ஒரு கோட்டைப் பிழையின்றி அளக்க ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. ஏழரை மைல் என்பது 12 கிலோமீட்டர். அதாவது, நம் கணக்குப்படி ஏறத்தாழ ஒரு காதம். வழிப்போக்கன் ஒரு ஜாமத்தில் நடக்கும் தூரத்தை அறிவியல் ஒரு மாதமாக அளந்தது. இது தற்செயல்தான் என்றாலும், இருவகை அளவைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவை, 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளும் பெருவில்லாக வளர்ந்தது. லாம்டனுக்குப் பின் சியார்ச்சு எவரெசுட்டு அப்பணியை முடித்தார். சேலமும் நாமக்கல்லும் அந்த ரேகைக்குச் சற்றே கிழக்கில் அமைந்தவை. எங்கள் சமவெளியிலிருந்து நேர் வடக்கே நடந்தால் தில்லிக்குச் சற்றுக் கிழக்கே போய்ச் சேரலாம். பறவைப் பாதையில் சேலத்திலிருந்து தில்லி 1,880 கிலோமீட்டர். இத்தகைய எண்ணை வீட்டிலிருந்தபடியே கணக்கிட்டுச் சொல்ல முடிவதற்கு வேர், மலை மலையாக ஏறிக் கோணம் பார்த்த அந்த அளவையில் இருக்கிறது. இன்று விமானி பின்பற்றும் நேர்கோடும் அந்த மரபில் வந்ததுதான். இரண்டு ஊர்களுக்கு இடையே நடந்து பாராமலேயே தூரத்தை அறியும் ஆற்றலைத் தருவது இத்தகைய அளவைதான்.

இருப்புப்பாதை வகுத்த நேரம்

தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856 சூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை நிலையம் வரை ஓடியது. பாதை மேற்கே நீண்டு, திருப்பத்தூரைக் கடந்து, 1861இல் சேலத்தை எட்டியது. அவ்வாண்டு இறுதியில் சங்ககிரி, அடுத்த ஆண்டில் போத்தனூர் என்று வளர்ந்து, மலையாளக் கரையைத் தொட்டது. பதினைந்து நாள் நடை ஒரே நாளுக்குள் அடங்கியது.

இரயில் தூரத்தைச் சுருக்கியது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது தூரத்தையும் நேரத்தையும் பிரித்துவைத்தது. காதத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இரயிலில் அவ்வாறில்லை. ஒரே தூரத்தை மெயில் வண்டி ஒரு நேரத்திலும், எல்லா ஊரிலும் நிற்கும் வண்டி வேறொரு நேரத்திலும் கடந்தன. எனவே பயணிக்குத் தூரத்தைக் காட்டிலும் கால அட்டவணையே முதன்மையாயிற்று.

அத்தோடு இன்னொரு சிக்கலும் வந்தது. சேலம் சென்னைக்கு மேற்கே இரண்டு பாகைக்குச் சற்று அதிகமான இடைவெளியில் உள்ளது. சூரியன் ஒரு பாகை நகர நான்கு நிமிடம். ஆகவே சென்னையில் உச்சிப்பொழுது ஆகி எட்டரை நிமிடத்துக்குப் பின்புதான் சேலத்தில் உச்சிப்பொழுது ஆகும். நடந்து போகிறவனுக்கு இந்த எட்டரை நிமிடம் ஒரு பொருட்டே அன்று. இரயிலுக்கோ அது பெருஞ்சிக்கல். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் ஊருக்கு ஒரு கடிகாரத்தை நம்பி ஓட முடியாது. ஆகவே சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரம் இருப்புப்பாதையின் நேரமாயிற்று. 1906 சனவரி முதல் நாடு முழுவதற்குமான ஒரே நேரம் வந்தது. அது வகுக்கப்பட்ட தீர்க்கரேகை நமக்குக் கிழக்கே நெடுந்தொலைவில் இருப்பதால், இன்று சேலத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12 மணி 17 நிமிடத்தைக் காட்டுகிறது. நிழலை அளந்து நாழிகை சொன்ன தலைமுறையிடமிருந்து பொழுதை எடுத்துக் கடிகாரத்திடம் ஒப்படைத்தது இரயில்தான்.

இங்கே நாமக்கல்லைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சேலத்துக்கு 1861இல் வந்த இரயில், ஐம்பது கிலோமீட்டர் தெற்கே உள்ள நாமக்கல்லுக்கு எப்போது வந்தது? 2013இல். சேலம் கரூர் அகலப்பாதை திறக்கப்பட்ட பின்புதான் இராசிபுரமும் நாமக்கல்லும் மோகனூரும் இரயிலின் ஓசையைத் தம் ஊரில் கேட்டன. ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க இருப்புப்பாதை எடுத்துக்கொண்ட காலம் 152 ஆண்டு. எந்தப் பயண அட்டவணையிலும் இடம்பெறாத நேரக்கணக்கு இது.

நடையும் லாரியும்

இரயில் வந்த பின்னும் நடை முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்ட யாத்திரையை நினைவுகூர்வோம். அதற்குத் தலைமை தாங்கியவர் சேலத்தில் வழக்குரைஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராசாசி. வழிநடைப் பாடலை இயற்றித் தந்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. 150 மைல் தூரத்தை அவர்கள் பதினைந்து நாளில் கடந்தார்கள். இரயிலில் ஏறியிருந்தால் மிக விரைவில் போயிருக்கலாம். ஆனால் ஊர்தோறும் நின்று மக்களைக் காண்பதும், சோறிட்டவரைச் சிறைக்கு அனுப்பிய ஆட்சியின் முகத்தை வெளிக்காட்டுவதும் அந்தப் பதினைந்து நாளில்தான் இயன்றன. மெதுவாகப் போவதும் ஓர் ஆற்றல் என்பதற்கு எங்கள் மண்ணின் மைந்தர் இருவர் விட்டுச்சென்ற சான்று அது.

இரயில் வராத நாமக்கல் வாளாவிருக்கவில்லை. சாலையைப் பற்றிக்கொண்டது. லாரிக் கூண்டு கட்டும் தொழில், சரக்கு லாரி, எரிவாயு டாங்கர் லாரி, கோழிப்பண்ணையிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் வண்டி, திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி என்று, சக்கரத்தின் மேல் ஒரு மாவட்டமே எழுந்தது. கன்னியாகுமரியையும் காசுமீரத்தையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்தையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்கிறது. லாம்டன் கோணம் பார்த்த அதே வடதென் கோட்டை ஏறத்தாழ ஒட்டி, இன்று எங்கள் ஊர் லாரிகள் ஓடுகின்றன.

லாரிக்காரர்களின் பேச்சில் ஒரு சொல் நம் கவனத்துக்கு உரியது. ஒரு முறை சரக்கேற்றிப் போய்வருவதை அவர்கள் 'ஒரு நடை' என்கிறார்கள். காலால் நடந்த காலத்துச் சொல் பத்துச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நாமக்கல்லிலிருந்து தில்லிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓட்டினாலும் போக ஆறு நாள். திரும்பும் சரக்குக்காகக் காத்திருக்கும் நாட்கள் தனி. ஆகவே ஓட்டுநரின் வீட்டில் தூரம் கிலோமீட்டரால் அளக்கப்படுவதில்லை. பொங்கலுக்கு வந்துவிடுவாரா, பிள்ளையின் காதுகுத்துக்கு இருப்பாரா என்றுதான் அளக்கப்படுகிறது. பெருவழியில் சென்ற சாத்து வணிகனின் வீட்டிலும் இதே கணக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

கமலாபுரத்து வானம்

இனி விமானத்துக்கு வருவோம். சேலத்தின் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில், ஓமலூர் வட்டத்துக் கமலாபுரத்தில் உள்ளது. 1993இல் திறக்கப்பட்டது. அன்று தொடங்கிய பயணிகள் சேவை நீடிக்கவில்லை. 2009 நவம்பரில் கிங்பிசர் நிறுவனம் சென்னைக்கு விமானம் விட்டது. 2011இல் அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் துரூசெட் நிறுவனம் மீண்டும் தொடங்கியது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் வேறு நிறுவனங்கள் மீண்டும் சேவைகளைத் தொடங்கின. முப்பதாண்டில் நான்கு தொடக்கம். வசிட்ட நதியில் வரும் வெள்ளத்தைப் போல விமானம் எங்கள் ஊருக்கு வருவதும் நிற்பதுமாக இருந்திருக்கிறது.

ஏன் இவ்வாறு? விடை தூரத்திலேயே இருக்கிறது. நேர்கோட்டுத் தூரம் 265 கிலோமீட்டர். இத்தகைய குறுந்தொலைவுக்குப் பயன்படும் சுழலி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 32 நிமிடம். ஆனால் அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டியே குறிக்கப்படும். சக்கரத்துக்கு அடியிலிருந்து கட்டையை எடுத்த நொடி முதல், சேருமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் நொடி வரை எண்ணுவதே விமானத்துறையின் வழக்கம். ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வது, முழு வேகத்தை அடையாமலே உயர ஏறுவது, சென்னை வானில் முறை வரும்வரை காத்துச் சுற்றுவது, இறங்கி நிற்கும் இடம் தேடுவது எல்லாம் அதில் சேரும். தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த நேரம் குறையாது.

பயணியின் கணக்கோ இன்னும் நீளம். நகரிலிருந்து கமலாபுரத்துக்கு அரைமணி. சோதனைக்காக ஒரு மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டும். பறப்பதற்கு ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியைப் பெற்று, நகருக்குள் போய்ச் சேர மேலும் ஒரு மணி. கூட்டினால் மூன்றரை மணி நேரம். 2023இல் தொடங்கிய கோவை சென்னை வந்தே பாரத் இரயில் சேலத்துக்கும் சென்னை சென்ட்ரலுக்கும் இடையே எடுத்துக்கொள்வதும் ஏறத்தாழ அதே மூன்றரை மணி நேரம்தான். வானில் சேமித்த நேரத்தைத் தரையில் செலவிட்டுவிடுகிறோம். இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு விமானம் நிலைத்து நிற்பது எங்கும் கடினம் என்பதன் காரணம் இதுவே. தூரம் கூடக்கூட இந்நிலை தலைகீழாகிறது. தில்லிக்குப் போகிறவருக்கு விமானம் இரண்டு இரவுகளை மிச்சப்படுத்துகிறது. சென்னைக்குப் போகிறவருக்கு அது மிச்சப்படுத்துவது மிகச் சிறிது.

உடான் திட்டம் இதை உணர்ந்தே வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கொண்ட ஒரு மணி நேரப் பயணத்துக்கு, குறிப்பிட்ட இருக்கைகளில் 2,500 ரூபாய் என உச்சவரம்பு விதித்து, நிறுவனத்துக்கு ஏற்படும் பற்றாக்குறையைச் சில ஆண்டுகளுக்கு அரசு ஈடுசெய்தது. இக்கட்டணத்தை 'ஒரு மணி நேரத்துக்கு' என்றே மக்களிடம் சொன்னார்கள். நாழிகை வழி மீண்டும் வந்துவிட்டது. நடக்கிறவனின் நாழிகைக்குப் பதிலாகப் பறக்கிறவனின் மணி, அவ்வளவே வேறுபாடு.

நேர்கோட்டின் விலை

2018ஆம் ஆண்டு எங்கள் வட்டாரத்தில் மறக்க முடியாத ஆண்டு. விமானம் மீண்டும் வந்த அதே ஆண்டில்தான் சென்னை சேலம் எட்டு வழிச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய மாவட்டங்கள் வழியாக 277 கிலோமீட்டர். மதிப்பீடு 10,000 கோடி ரூபாய். ஐந்தாறு மணி நேரப் பயணம் பாதியளவுக்குக் குறையும் என்றார்கள்.

இங்கே இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். விமானத்தின் நேர்கோடு 265. திட்டமிட்ட சாலை 277. தொடங்குமிடமும் முடியுமிடமும் சற்று வேறுபடும் என்பதைக் கணக்கில் கொண்டாலும், இந்த நெருக்கம் வியப்பளிக்கிறது. அதாவது, தரையில் ஒரு வான்வழியை அமைக்க முனைந்திருக்கிறார்கள். விமானம் நேர்கோட்டில் போகலாம். அதற்குக் கீழே வயலும் கிணறும் தென்னந்தோப்பும் மலையடிவாரமும் அப்படியே கிடக்கும். சாலை நேர்கோட்டில் போக வேண்டுமானால் அவை அத்தனையும் விலக வேண்டும். பழைய சாலைகள் வளைந்து போவதற்குக் காரணம் உண்டு. அவை ஊரைத் தேடி வளைந்தன, ஏரிக்கு ஒதுங்கி வளைந்தன, கனவாயை நாடி வளைந்தன. ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவருடைய நிலம் பிழைத்திருக்கிறது.

அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைக் குறைப்பதற்கு, இரண்டாயிரம் எக்டேரை நெருங்கிய நிலம் கேட்கப்பட்டது. சமவெளியின் உழவர்கள் எதிர்த்தார்கள். அளவுக் கல்லை நட அதிகாரிகள் வந்தபோது வரப்பில் நின்று அழுத பெண்களின் படங்களை அந்நாளைய செய்தித்தாள்கள் வெளியிட்டன. 2019 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் நடவடிக்கையை இரத்துசெய்தது. 2020 திசம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சட்டப்படி தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. கமலாபுரத்திலும் இதே கதைதான். ஓடுதளத்தை நீட்டிப்பதற்காகச் சுற்றியுள்ள ஊர்களில் 570 ஏக்கர் நிலம் எடுக்கும் திட்டம் வந்தபோது, விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

விரைவு வேண்டாம் என்பது நம் வாதமன்று. நெஞ்சுவலியோடு சென்னை மருத்துவமனைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். வெளிநாட்டில் இருக்கும் மகன் தாயின் முகம் பார்க்க வருகையில் விமானம் இருந்தால் நல்லதுதான். நாம் கேட்பது வேறு. மிச்சமாகும் மணி யாருடைய கணக்கில் வரவு? அதற்கான செலவு யாருடைய கணக்கில் பற்று? விமானத்தில் எழுபது பேருக்கு மிச்சமாவதும், சாலையில் பல்லாயிரம் பேருக்கு மிச்சமாவதும் மணிக்கணக்கு. நிலம் இழந்தவர் இழப்பதோ தலைமுறைக் கணக்கு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நமக்கு இன்னும் ஓர் அளவை கிடைக்கவில்லை.

மகதேசன் பெருவழியும் வணிகச் சுங்கத்துக்காகவும் படை நடத்தவும் பயன்பட்டதுதான். அரசன் அறத்துக்காக மட்டுமே சாலை அமைத்தான் என்று கனவு காண நாம் விரும்பவில்லை. ஆனாலும் அந்தக் கல்லை நட்டவன், வழியில் போகிற எழுத்தறியாதவனுக்கும் ஒரு விடை சொல்லக் கடமைப்பட்டவனாகத் தன்னைக் கருதினான். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதை அந்தக் குழிகள் ஒப்புக்கொள்கின்றன. இன்றைய திட்ட அறிக்கைகள் பல நூறு பக்கங்கள் நீள்கின்றன. அவற்றுள் வரப்பில் நிற்கிற பெண்ணின் விரலுக்கு எட்டும் ஒரு குழியாவது உண்டா என்பதே கேள்வி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சாலைகள் அகலமாகும்போது முதலில் பெயர்த்தெறியப்படுபவை ஓரத்துக் கற்கள். காதக்கல்லைச் சிலர் எல்லைச்சாமியாக வழிபடுகிறார்கள். சிலர் துணி துவைக்கிறார்கள். சில கற்கள் பாலத்தின் அடிமானத்தில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் பயணம் செய்யும் நண்பர்கள், ஏரிக்கரையிலோ பழைய வண்டிப்பாதையிலோ வரிசையாகக் குழிகள் குடைந்த கல்லைக் கண்டால், அதைப் பல்லாங்குழி என்று எண்ணிக் கடந்துவிட வேண்டாம். குழிகளை எண்ணிப் பாருங்கள். பெரியது எத்தனை, சிறியது எத்தனை என்று குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். அதியமான் பெருவழியிலும் மகதேசன் பெருவழியிலும் இன்னும் எத்தனையோ காதங்கள் மண்ணுக்குள் எண்ணப்படாமல் கிடக்கின்றன.